சந்தியாகப்பர் பாதை
ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் நடந்துவரும் ஒரு வழியின் வரலாறு



விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றவுடன் மன்னர்களின் பட்டியலையும் போர்களின் தேதிகளையும் வரிசையாக அடுக்கினால், நீங்கள் அடுத்த பக்கத்திலுள்ள குழுப்படத்துக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் இந்த முறை உங்களைக் கொஞ்ச தூரம் நடக்கக் கூப்பிடுகிறேன். கொஞ்ச தூரம் என்றால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். பழைய கணக்கில் 485 மைல். பயப்படாதீங்க, உட்கார்ந்த இடத்திலேயே நடந்துவிடலாம்.

நம் தோட்டப்புறங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்த லயங்களில் சந்தியாகு என்று ஒரு பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்ததுண்டா? இயேசுநாதரின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் யாகப்பர். செபதேயு என்ற மீனவரின் மகன். அவரை ஸ்பெயின் நாட்டார் சந்தியாகோ என்பார்கள். போர்த்துக்கீசியர் கடல் வழியாக வந்து நம் முன்னோர் கரையில் இறங்கிய காலத்தில் அந்தப் பெயரும் அவர்களோடு கரையேறி, சந்தியாகப்பர் என்று தமிழாகிவிட்டது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வேர்க்காடு என்ற இடத்தில் அவருக்கு ஓர் ஆலயமே இருக்கிறது.

அதே சந்தியாகப்பரின் பெயரால் ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா என்ற மழை நிறைந்த மாநிலத்தில் ஒரு நகரம் உண்டு. சந்தியாகோ தே கோம்போஸ்தெலா என்பது அதன் முழுப்பெயர். ஐரோப்பாவின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் அந்த நகரத்துக்கு நடந்தே போனார்கள். இன்றும் போகிறார்கள். பல கிளைப் பாதைகள் இருந்தாலும், பிரான்சின் எல்லையில் பிரனீஸ் மலையடிவாரத்தில் தொடங்கி, வட ஸ்பெயினைக் குறுக்கே கடந்து போகும் பாதைதான் பெரியது. 'பிரெஞ்சுப் பாதை' என்று அதைச் சொல்வார்கள். அதைத்தான் நாம் நடக்கப் போகிறோம்.

கல்லறை கிடைத்த கதை

யாகப்பர் எருசலேமில் கி.பி. 44ஆம் ஆண்டு வாக்கில் ஏரோது அகிரிப்பா அரசனால் வாளால் வெட்டுண்டு இறந்தார் என்பது கிறிஸ்தவ மரபு. அப்படியானால் அவருடைய உடல் ஸ்பெயினுக்கு எப்படி வந்தது? சீடர்கள் உடலைப் படகில் ஏற்ற, பாய்மரமும் துடுப்பும் இல்லாத அந்தப் படகு தானாகவே கலீசியக் கரைக்கு வந்து சேர்ந்தது என்கிறது கதை. அது கல்லால் செய்த படகு என்றும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அதன் பிறகு எண்ணூறு ஆண்டுகள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற துறவி காட்டுக்குள்ளே விசித்திரமான ஒளியைக் கண்டாராம். அந்த வட்டாரத்து ஆயர் தெயோதோமிரோவிடம் போய்ச் சொன்னார். தோண்டிப் பார்த்தபோது ஒரு கல்லறை. 'இது யாகப்பரின் கல்லறைதான்' என்று ஆயர் அறிவித்தார். அஸ்தூரியஸ் அரசர் இரண்டாம் அல்ஃபோன்சோ (ஆட்சி 791 முதல் 842 வரை) வந்து கும்பிட்டு, அங்கே ஒரு சிறு கோயில் கட்டுவித்தார். 'கோம்போஸ்தெலா' என்றால் விண்மீன்களின் வயல் என்று பலர் பொருள் சொல்வார்கள். இல்லை, புதைத்த இடம் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்று வாதிடுகிற அறிஞர்களும் உண்டு.

இந்தக் கதையில் கல்லில் எழுதிய சாட்சி ஒன்று மட்டும் இருக்கிறது. 847ஆம் ஆண்டு இறந்த ஆயர் தெயோதோமிரோவின் கல்லறைக்கல், பெயரோடும் தேதியோடும், 1955இல் பேராலயத்தின் தரைக்கடியில் அகழ்ந்தபோது கிடைத்தது. ஆயர் உண்மையான ஆள் என்பது அதனால் உறுதியாயிற்று. உள்ளே கிடக்கும் எலும்புகள் யாருடையவை என்பதை அந்தக் கல் சொல்லாது.

அந்தக் காலத்து ஸ்பெயினை நினைத்துப் பாருங்கள். நாட்டின் பெரும்பகுதி முஸ்லிம் அரசின் கையில். கொர்தோபா நகரம் கல்வியிலும் செல்வத்திலும் ஐரோப்பாவுக்கே தலைமையாக இருந்தது. வடக்கே மலையோரத்தில் சின்னஞ்சிறு கிறிஸ்தவ அரசுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு ஒரு பாதுகாவலர் தேவைப்பட்டார், சரியான நேரத்தில் கல்லறை கிடைத்தது. நான் இதைக் குறும்புக்காகச் சொல்லவில்லை. எந்த நாட்டு வரலாற்றைப் படித்தாலும் 'இது யாருக்குப் பயன்பட்டது?' என்று மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணிகளின் பயணம்

997ஆம் ஆண்டு கொர்தோபாவின் தளபதி அல்-மன்சூர் படையோடு வந்து இந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார். ஆனால் கல்லறையை மட்டும் தொடவில்லை. அதன் அருகே காவல் இருந்த முதிய துறவியையும் விட்டுவிட்டார் என்று அரபு வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கோயில் மணிகளைக் கழற்றி, கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி, நாட்டின் குறுக்கே தெற்கே கொர்தோபா வரை நடக்க வைத்தார்கள். அங்கே பள்ளிவாசலில் அவை விளக்குகளாகத் தொங்கின என்பது வழக்கு.

239 ஆண்டுகள் கழிந்தன. 1236இல் மூன்றாம் ஃபெர்னாந்தோ அரசர் கொர்தோபாவைப் பிடித்தார். அவர் செய்த வேலைகளில் ஒன்று, அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றி வடக்கே திருப்பி அனுப்பியது. போகும்போது சுமந்தவன் ஒரு சமயத்தான், வரும்போது சுமந்தவன் வேறு சமயத்தான். இரண்டு பக்கத்திலும் சுமந்தவன் பெயர் ஏட்டில் இல்லை. சுமக்கச் சொன்னவர்களின் பெயர் மட்டும் இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 844இல் கிளாவிகோ என்ற இடத்தில் நடந்த போரில் யாகப்பர் வெள்ளைக் குதிரையில் தோன்றி எதிரிகளை வெட்டினார் என்று ஒரு கதை கட்டப்பட்டது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் முடிவு. மீன் பிடித்த மனிதரைக் கையில் வாள் கொடுத்துக் குதிரையில் உட்கார வைத்துவிட்டார்கள். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வெற்றிக்கு நன்றிக்கடனாக உழவர்கள் ஆண்டுதோறும் ஒரு ஜோடி மாட்டுக்கு இவ்வளவு தானியம் என்று பேராலயத்துக்கு அளக்க வேண்டும் என ஒரு பத்திரத்தைக் காட்டினார்கள். அந்தப் பத்திரம் 12ஆம் நூற்றாண்டில் தயாரித்த போலி! இல்லாத போருக்கு, போலிப் பத்திரத்தின் பேரில், ஏழை உழவன் பல நூறு ஆண்டுகள் தானியம் அளந்தான். காதீஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் 1812இல் அந்த வரியை ஒழித்தது. மறுபடியும் தலைதூக்கிய அது 1834இல்தான் ஒரேயடியாகப் போனது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் 'இதோ காகிதத்தில் இருக்கிறது' என்று காட்டினால் தலையாட்டியவர்கள் நம் தாத்தாக்களும்தானே. கைநாட்டு வைத்த கதைகளைப் பாட்டிமாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

இந்த நூற்றாண்டில், பேராலயத்திலுள்ள அந்தக் குதிரைச் சிலையின் காலடியில் வெட்டுண்டு கிடப்பவர்களை மலர்களால் மூடி மறைக்கிற வழக்கம் வந்திருக்கிறது.

நடக்கத் தொடங்குவோம்

போர்க்கதை போதும். பிரான்சின் சான் ழான் என்ற மலையடிவாரச் சிற்றூரில் காலை இருட்டோடு கிளம்புகிறோம். நம்ம ஊரில் பெரட்டுக்குப் போகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான இடத்திலிருந்து, ஒரே நாளில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபுறம் ரோன்செஸ்வாயெஸ் மடத்தில் இறங்க வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர். முதல் நாளே பாதி உயிர் போய்விடும். பனிக்காலத்தில் வழி தவறி இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஒரு சத்திரம் எழுந்தது. சோறு, படுக்கை, நோயாளிக்கு வைத்தியம், இறந்தவனுக்கு அடக்கம், எல்லாம் அங்கே.

அந்தக் காலத்து யாத்திரிகன் எப்படி இருந்தான்? கையில் தன் உயரத்துக்கு ஒரு தடி. தோளில் தோல் பை. இடுப்பில் தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை. அகலமான விளிம்பு வைத்த தொப்பி. திரும்பும்போது தொப்பியிலோ பையிலோ ஒரு சிப்பி ஓடு குத்தியிருக்கும். கலீசியக் கடற்கரையில் கிடைக்கும் விசிறி போன்ற சிப்பி அது. அதுதான் 'போய் வந்தேன்' என்பதற்கு அடையாளம். இன்று போகும்போதே மாட்டிக்கொள்கிறார்கள்.

புறப்படும் முன்னே உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் பலரும் கிளம்பினார்கள். இன்னொன்று, இதை நாம் மறந்தே போகிறோம்: அவர்கள் திரும்பியும் நடக்க வேண்டும்! வீட்டுக்குப் போக பஸ் ஏது? ஜெர்மனியிலிருந்தோ ஃபிளாண்டர்ஸிலிருந்தோ வந்தவனுக்கு ஓராண்டில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்தது.

எல்லோரும் பக்தியால் நடந்தார்கள் என்று நினைக்காதீங்க. நேர்ந்துகொண்டு நடந்தவர் உண்டு. நோய் தீர நடந்தவர் உண்டு. கடன்காரனுக்கு ஓடி ஒளிந்தவரும் உண்டு. ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் நீதிமன்றங்களில் குற்றவாளிக்குத் தண்டனையாகவே 'சந்தியாகோவுக்கு நடந்து போய்ச் சான்று கொண்டு வா' என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். காசுள்ளவன் தனக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் வைத்து நடக்கச் சொன்னதும் உண்டு. புண்ணியத்திலும் கூலி வேலை!

12ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட 'கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்' என்ற லத்தீன் ஏட்டின் ஐந்தாம் பகுதி, இந்தப் பாதைக்கு ஒரு வழிகாட்டி நூல். எந்த ஆற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எது ஆகாது, எந்த ஊரில் ரொட்டி நன்றாக இருக்கும், எவனை நம்பக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஓர் உப்பாற்றங்கரையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு இருவர் உட்கார்ந்திருந்தார்களாம். 'இந்தத் தண்ணீரைக் குதிரைக்குக் காட்டலாமா?' என்று கேட்டதற்கு 'தாராளமாக' என்றார்கள். குடித்த குதிரை விழுந்தது; அவர்கள் உடனே தோலை உரிக்கத் தொடங்கிவிட்டார்கள். படகோட்டிகள் ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றி, படகு கவிழ்ந்தால் செத்தவன் மடியைத் துழாவினார்கள் என்றும் திட்டியிருக்கிறார். எழுதியவருக்கு நவார்ராக்காரர்கள் மேல் தீராத கோபம். அவர் திட்டுவதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. அந்த ஏட்டையே 2011இல் பேராலயத்திலிருந்து திருடிவிட்டார்கள்! மறு ஆண்டு ஒரு கார் கொட்டகையில் கண்டெடுத்தார்கள். எடுத்தவர் முன்பு அங்கே வேலை பார்த்த மின்சாரக்காரர்.

பாலம் கட்டியவர்கள்

படகோட்டியிடம் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் பாலம் வேண்டும். புவென்தே லா ரெய்னா என்ற ஊரில் ஆர்கா ஆற்றின் மேல் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலம் இன்றும் நிற்கிறது. 'அரசியின் பாலம்' என்றே ஊருக்குப் பெயர். ஊர் முழுவதும் ஒரே நீளத் தெரு. இரு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். தெரு நேரே பாலத்தில் போய் முடிகிறது. இந்தப் பாதையிலுள்ள பல ஊர்கள் இப்படித்தான். பாதை முதலில் வந்தது, ஊர் பிறகு அதன் இருபுறமும் முளைத்தது. நம் லயங்கள் தார்ச்சடக்கின் ஓரம் வரிசையாக நின்றதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்த மனிதர் தொமிங்கோ. துறவியாகச் சேர மடங்களுக்குப் போனார். படிப்புப் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது மரபு. அவர் சோர்ந்து வீட்டுக்குப் போகவில்லை. ஓகா ஆற்றங்கரைக் காட்டில் வழி தெரியாமல் யாத்திரிகர் தவிப்பதைப் பார்த்தார். அரிவாளை எடுத்துக் காட்டை வெட்டினார். கல் பரப்பிச் சாலை போட்டார். ஆற்றுக்குப் பாலம் கட்டினார். பக்கத்திலே ஒரு சத்திரமும் மருத்துவமனையும் கட்டினார். 1109இல் இறந்தார். இன்று அந்த ஊருக்கே 'சாலை போட்ட புனித தொமிங்கோ' என்றுதான் பெயர்: சான்தோ தொமிங்கோ தே லா கால்சாதா. திருப்பி அனுப்பிய மடங்களின் தலைவர்கள் யார் என்று யாருக்கு ஞாபகம்?

அந்த ஊர்ப் பேராலயத்தின் உள்ளே ஒரு கூண்டு. அதில் உயிருள்ள வெள்ளைச் சேவலும் கோழியும்! கோயிலுக்குள் கோழியா என்று மாணவர்கள் கேட்பீர்கள். கதை இதுதான். ஒரு ஜெர்மானியக் குடும்பம் யாத்திரை போகிறது. சத்திரக்காரன் மகள் பையனை விரும்பினாள், அவன் மறுத்தான். அவள் வெள்ளிப் பாத்திரத்தை அவன் பையில் ஒளித்து வைத்துத் திருடன் என்று காட்டிக் கொடுத்தாள். தூக்கில் போட்டார்கள். தாய் தகப்பன் அழுதுகொண்டே சந்தியாகோவரை போய்த் திரும்பி வந்தால், பையன் தூக்குமரத்திலே உயிரோடு தொங்குகிறான். சந்தியாகப்பர் தாங்கிப் பிடித்திருக்கிறார்! நீதிபதியிடம் ஓடினார்கள். அவர் சாப்பாட்டில் இருந்தார். 'இந்த வறுத்த கோழி எப்படி உயிரோடு இருக்கிறதோ அப்படித்தான் உங்கள் பையனும்' என்று சிரித்தார். உடனே தட்டிலிருந்த கோழி எழுந்து கூவியது. கட்டுக்கதைதான். ஆனால் ஏழைப் பரதேசி மீது திருட்டுப்பழி போட்டால் விசாரிக்காமலே தூக்கில் போட்ட காலம் அது என்ற உண்மை அந்தக் கட்டுக்கதைக்குள்ளே இருக்கிறது.

தீ நோயும் வெள்ளை ரொட்டியும்

பர்கோஸ் நகரத்துப் பேராலயம் 1221இல் தொடங்கியது, மிகப் பெரிது, அழகு. விவரிக்கத் தொடங்கினால் இந்த மலர் போதாது, தாண்டிப் போவோம். அதற்கப்பால் லியோன் நகரம் வரை சுமார் 180 கிலோமீட்டருக்கு மெசேத்தா என்ற சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. நிழல் கிடையாது. கோடையில் மேலே நெருப்பு, குளிர்காலத்தில் காற்று அறுக்கும். மண் கட்டியாலும் வைக்கோலாலும் கட்டிய வீடுகள் உள்ள சிற்றூர்கள் தூரத்தில் தெரியும்; ஒரு மணி நேரம் நடந்தாலும் அங்கேயே நிற்பது போல இருக்கும்.

காஸ்த்ரோகெரிஸ் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடிந்த மடம். சான் அந்தோன் என்று பெயர், 1146இல் நிறுவியது. பாதை அதன் வளைவுக்குள்ளேயே நுழைந்து போகிறது. இதை மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போவோம்.

இடைக்கால ஐரோப்பாவில் 'அந்தோனியார் நெருப்பு' என்று ஒரு கொடிய நோய் இருந்தது. கைகால் நெருப்பில் இட்டதுபோல எரியும். பிறகு கறுத்து, அழுகி, கடைசியில் விரல்களே உதிர்ந்துவிடும். பாவத்துக்குத் தண்டனை என்றார்கள். உண்மையில் அது உணவால் வந்த நோய். வடக்கே ஏழைகள் சாப்பிட்டது 'ரை' என்ற மட்டமான தானியத்து ரொட்டி. ஈரமான ஆண்டுகளில் அந்தக் கதிரில் ஒரு பூஞ்சை பிடிக்கும். மணிக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு கொம்பு வளரும். அதையும் சேர்த்து அரைத்துத் தின்றவனுக்கு இரத்தக்குழாய் சுருங்கிப்போகும். இந்த நோயாளிகளுக்கென்றே அந்தோனியார் சபைத் துறவிகள் ஐரோப்பா முழுவதும் மருத்துவமனைகள் நடத்தினார்கள்.

வடநாட்டு நோயாளி வீட்டை விட்டுக் கிளம்பி, ரை ரொட்டியை விட்டுவிட்டு, கோதுமை விளையும் நாட்டில் மாதக்கணக்கில் நடந்து, மடத்தில் கோதுமை ரொட்டி சாப்பிட்டால் குணமாகாமல் என்ன செய்யும்? விரல் உதிர்ந்தது உதிர்ந்ததுதான். ஆனால் எரிச்சல் நின்றது. புனிதர் காப்பாற்றினார் என்று அவன் சொன்னான். காரணத்தை அவன் தெரிந்துகொள்ள வழியில்லை. வளைவின் சுவரில் இரண்டு மாடக்குழிகள் உண்டு. நேரம் தப்பி வரும் யாத்திரிகருக்காகத் துறவிகள் அதில் ரொட்டியை வைத்துவிட்டு உறங்கப் போவார்கள் என்பது வழக்கு. அந்தக் குழிகளை நினைக்கும்போதுதான் இந்தப் பாதை என் மனத்துக்கு நெருக்கமாகிறது.

மலை ஏறி மழை நாட்டுக்கு

லியோனைத் தாண்டி அஸ்தோர்கா. பிறகு மறுபடியும் மலை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு நெடிய மரக்கம்பம், உச்சியில் சின்னதாக ஓர் இரும்புச் சிலுவை. அடியில் ஒரு கற்குன்று. யாத்திரிகர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லை அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். மனப்பாரத்தை இறக்கிவைக்கிறார்களாம்.

மலை இறங்கினால் வியாஃப்ராங்கா என்ற ஊர். அங்குள்ள சந்தியாகப்பர் கோயிலுக்கு 'மன்னிப்பு வாசல்' என்று ஒரு வாசல். நோயால் இனி ஓர் அடியும் வைக்க முடியாதவன் அந்த வாசலைத் தொட்டால் போதும். கடைசிவரை போன பலன் அவனுக்கு உண்டு. நடக்க முடியாதவனுக்கும் ஒரு கணக்கு வைத்த அந்தப் பெரிய மனசை என்ன சொல்ல!

திரியாகாஸ்தெலாவில் வேறு கதை. பேராலயம் கட்டிய காலத்தில் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். போகிற ஒவ்வொரு யாத்திரிகனும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு காஸ்தாஞேதா சூளைவரை கொண்டுபோய்ப் போடுவான் என்று அந்தப் பழைய வழிகாட்டி எழுதியிருக்கிறது. 1075இல் தொடங்கி 1211இல் திருநிலைப்படுத்திய பேராலயத்தின் சுண்ணாம்பில் அப்படிச் சுமந்தவர்களின் வேர்வையும் இருக்கிறது. அதன் வாயிலில் மத்தேயோ என்ற சிற்பாசாரி வடித்த 'மகிமையின் மண்டபம்' இருக்கிறது. 1188 என்று கல்லிலேயே ஆண்டு வெட்டியிருக்கிறார். வந்து சேர்ந்த யாத்திரிகர் கைவைத்து வைத்து அதன் நடுத்தூணில் ஐந்து விரலும் பதியும் குழியே விழுந்துவிட்டது. இப்போது தொட அனுமதியில்லை.

போர்தோமரீன் என்ற ஊரின் கதையும் கேட்கத் தக்கது. 1960களில் மீஞோ ஆற்றில் அணை கட்டியபோது பழைய ஊர் முழுவதும் தண்ணீருக்குள் போயிற்று. கோட்டை போன்ற கோயிலை மட்டும் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, குன்றின் மேல் மறுபடி கட்டினார்கள். கற்களில் அந்த எண்கள் இன்னமும் தெரியும். வறட்சிக் காலத்தில் நீர் இறங்கினால் பழைய ஊரின் சுவர்கள் தலைகாட்டும். கோயிலைக் கல்லுக்கு எண் போட்டுத் தூக்கிவிடலாம். பழைய வீட்டு வாசற்படியை யார் எண் போட்டுத் தூக்குவார்கள்? தோட்டம் விற்றுப்போய் லயத்தைக் காலி செய்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாதை மறைந்ததும் மீண்டதும்

இவ்வளவு பெரிய பாதையும் ஒரு காலத்தில் மறைந்தே போயிற்று. 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயில் கூட்டம் குறைந்தது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் புறப்பட்டு, அங்கே கிடப்பது யார் எலும்போ என்று கேலி செய்தார். வட ஐரோப்பா பாதி யாத்திரையை விட்டது. 1589இல் ஆங்கிலேயர் டிரேக் கப்பற்படையோடு பக்கத்துத் துறைமுகத்தைத் தாக்கியபோது, பேராயர் பயந்து எலும்புகளை எங்கேயோ ஒளித்துவைத்தார். எங்கே ஒளித்தோம் என்பதே பிறகு மறந்துபோயிற்று! 1879இல் தோண்டித்தான் எடுத்தார்கள். 1884இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ 'அவைதாம்' என்று அறிவித்தார். ஆனாலும் நடப்பவர்கள் அதிகமில்லை. பாதையோரத்துக் கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்கு வேலை தேடிப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடியது, பிறகு கடை மூடியது. மலைமேல் உள்ள ஃபொன்செபதோன் என்ற கிராமம் 1990களில் ஏறக்குறைய ஆளே இல்லாமல் கிடந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு கிராமத்துப் பாதிரியார் வருகிறார். எலியாஸ் வலிஞா (1929–1989). ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குத்தந்தை. கூரை வேய்ந்த வட்டமான கல்வீடுகள் உள்ள, பனி மூடும் சின்ன ஊர் அது. பழைய ஏடுகளையெல்லாம் படித்து இந்தப் பாதையைப் பற்றி ஆராய்ச்சி எழுதிப் பட்டம் பெற்றவர். படித்ததோடு நிற்கவில்லை. 1984இல் தன் சிறிய காரில் மஞ்சள் பெயிண்ட் டின்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாலைக்கோடு போட்டு மிஞ்சிய பெயிண்ட் என்பார்கள். மரத்திலும் பாறையிலும் சுவர் மூலையிலும், வழி பிரிகிற இடமெல்லாம் ஒரு மஞ்சள் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். பிரனீஸ் மலையருகே போலீஸ்காரர்கள் நிறுத்தி, என்னய்யா செய்கிறாய் என்று கேட்டார்களாம். பிரான்சிலிருந்து ஒரு பெரிய படையெடுப்பு வரப்போகிறது, அதற்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாராம் பாதிரியார்!

படையெடுப்பு வந்தே விட்டது. 1980களின் நடுவில் நடந்து முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஆண்டுக்கு மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. 1987இல் ஐரோப்பிய மன்றம் இதை முதல் ஐரோப்பியப் பண்பாட்டுப் பாதை என்று அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் சான்றிதழ் வாங்கியவர்கள் 3 லட்சத்து 47 ஆயிரத்துக்கு மேல். 2023இல் 4 லட்சத்து 40 ஆயிரத்தையும் தாண்டியது. பக்தர்கள் மட்டுமல்ல, வேலை ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சும்மா நடந்து பார்க்க வந்த மாணவர், கடவுளே இல்லை என்பவரும் நடக்கிறார்கள். ஃபொன்செபதோனில் இடிந்த வீடுகள் சத்திரங்களாக எழுந்தன. மூடிய கடைகள் சில ஊர்களில் திறந்தன. கூட்டம் அதிகமாகி, கடைசி 100 கிலோமீட்டரில் சந்தை மாதிரி இரைச்சல் என்று குறைப்படுகிறவர்களும் இப்போது உண்டு. ஆளில்லாத ஊரில் இருந்து பார்த்தவர்கள் அந்தக் குறையைச் சொல்லமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சான்றிதழ் பெறும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பீர்கள். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், அல்லது 200 கிலோமீட்டர் சைக்கிளில். வழியிலுள்ள சத்திரம், கோயில், கடைகளில் ஓர் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். பள்ளியில் நம் சேமிப்புப் புத்தகத்தில் முத்திரை குத்துவது போலத்தான். நகரத்துக்கு முன்னால் 'மகிழ்ச்சிக் குன்று' என்ற மேட்டில் ஏறினால் பேராலயக் கோபுரங்கள் முதன்முதலாகத் தெரியும். பழங்காலத்தில் அதற்கும் முன்னாலுள்ள ஓடையில் இறங்கி, மாதக்கணக்கான அழுக்கைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போவார்கள். அப்படியும் கோயிலுக்குள் நாற்றம் தாங்காமல்தான் ஆள் உயரத் தூபக்கலசத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று ஊரார் சொல்வது உண்டு. இப்போதுள்ள கலசம் 1851இல் செய்தது. 50 கிலோவுக்கு மேல் எடை. எட்டுப் பேர் கயிற்றை இழுக்க, கூரையைத் தொடுவதுபோல் ஊஞ்சலாடும். அதற்கு முந்திய வெள்ளிக் கலசத்தை 1809இல் நெப்போலியனின் சிப்பாய்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அது புனித ஆண்டு. அந்த ஆண்டில் பேராலயத்தின் பின்புறத்துப் புனித வாசலைத் திறப்பார்கள். 1993, 1999, 2004, 2010, 2021 ஆகியவை அப்படி வந்தவை. நோய்த்தொற்றுக் காலமானதால் 2021இன் புனித ஆண்டை 2022க்கும் நீட்டினார்கள். அடுத்தது 2027. இடைவெளி சில சமயம் 6 ஆண்டு, சில சமயம் 5, ஒரு முறை 11 என்று ஏன் மாறுகிறது, 2027க்குப் பிறகு எந்த ஆண்டு வரும் என்று ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு தாளில் கணக்குப் போட்டு வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.